உரையாடிக் கற்ற ஜெர்மன் – ஒரு வரலாற்று நோக்கு

ஜெர்மனியின் காசல் நகரில் பழைய தோற்சுவடி ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. கி.பி. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவேரியப் பகுதியில் எழுதப்பெற்றது அது. பேச்சு வழக்கில் திரிந்த இலத்தீன் சொற்களும் அவற்றிற்கு நேராக அன்றைய பவேரிய ஜெர்மன் சொற்களும் அதில் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. உடல் உறுப்புகள், வீட்டு விலங்குகள், வீட்டின் பகுதிகள், உடைகள், கருவிகள் என்று நிகண்டு போலச் செல்லும் அப்பட்டியலில், உறுப்புகளின் பெயர்களுக்கு நடுவே, முடிதிருத்துபவரிடம் சொல்ல வேண்டிய கட்டளைகள் சட்டென்று நுழைந்துவிடுகின்றன. தலைமுடியை வெட்டச் சொல்வது ஒன்று. கழுத்தை மழிக்கச் சொல்வது ஒன்று. தாடியை மழிக்கச் சொல்வது ஒன்று. சுவடியின் பிற்பகுதியில், ரோமானியர் மூடர், பவேரியரே அறிவாளிகள் என்னும் பொருளில் ஒரு குறும்பும் உண்டு. எழுதியவன் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவன் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

இதனினும் சுவையானது 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மற்றொரு குறிப்பு. இன்றைய பிரான்சுப் பகுதியிலிருந்து ஜெர்மன் பேசும் நாட்டிற்குச் சென்ற ஒருவருக்குப் பயன்படத்தக்க வகையில், ஏறத்தாழ நூறு தொடர்கள் ஒரு கையெழுத்துப் படியின் ஓரங்களில் எழுதப்பட்டுள்ளன. அப்படி இன்று பாரிஸ் நகரில் உள்ளது. ஜெர்மன் ஒலிகளை எழுதத் தெரியாதவர் தம் காதில் விழுந்தபடியே எழுதி வைத்துள்ளார். இரவு எங்கே தங்கினாய் தோழா என்று கேட்பது, குதிரையைக் கொண்டு வரச் சொல்வது, கேடயத்தைத் தரச் சொல்வது, குடிக்க வேண்டும் என்பது, வைகறை வழிபாட்டிற்கு ஏன் வரவில்லை என்று வினவுவது, அதற்கு நாகரிகமற்ற ஒரு காரணம் சொல்வது என்று அவை விரிகின்றன. நாயின் பின்புறத்தையும் எதிராளியின் மூக்கையும் இணைத்துச் சொல்லும் வசவு ஒன்றும் தவறாமல் இடம்பெற்றுள்ளது. பிற மொழியொன்றில் முதலில் பழகுவது வசவுச் சொல்லே என்று நம் ஊரில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதற்குச் சான்று கிடைத்திருக்கிறது!

இவ்விரு குறிப்புகளையும் மொழியியல் மாணவர் பழைய ஜெர்மனின் ஒலியமைப்பை அறிவதற்காகப் படிப்பர். எனக்கோ அவற்றில் வேறொன்று கண்ணில் பட்டது. முடிதிருத்துபவர், குதிரைக்காரர், சத்திரத்துத் தோழர் என எதிரே ஒருவர் நின்றுகொண்டே இருக்கிறார். இலக்கணத்தைத் தனியே இருந்து கற்கலாம். உரையாடலுக்கு மற்றொருவர் வேண்டும். மொழி கற்பவரின் உழைப்பு, நினைவாற்றல், ஆசிரியரின் முறை ஆகியன பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளன. எதிரே நிற்பவர் பேச முன்வந்தாரா, வந்தாரெனில் எப்படிப் பேசினார் என்னும் கேள்வி குறைவாகவே கேட்கப்பட்டிருக்கிறது. ஜெர்மன் கற்றோரின் வரலாற்றை அந்தக் கேள்வியோடு அணுகிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெனிஸ் நகரத்துத் துணிக்கடை

வணிகம் என்று வந்துவிட்டால் பேச ஆள் தேட வேண்டியதில்லை. விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் பேச்சு தேவை. 13ஆம் நூற்றாண்டு முதல் வெனிஸ் நகரில் ஜெர்மன் வணிகர்க்கென்று ஒரு பெரும் பண்டகசாலை இருந்தது. ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வரும் ஜெர்மானியர் அங்கேதான் தங்க வேண்டும். சரக்கை அங்கேதான் இறக்க வேண்டும். நகர அரசின் மேற்பார்வையில்தான் வாங்கவும் விற்கவும் வேண்டும். அவர்களோடு தொழில் செய்ய விரும்பிய வெனிஸ் இளைஞர்க்கு ஜெர்மன் தேவைப்பட்டது.

அவர்களுக்காக நியூரம்பர்க்கைச் சேர்ந்த கேயோர்க் என்னும் ஆசிரியர் அப்பண்டகசாலைக்கு அருகில் ஒரு பள்ளி நடத்தினார். 1424ஆம் ஆண்டைச் சேர்ந்த அவரது பாடநூல் கையெழுத்துப் படிகளாகக் கிடைத்துள்ளது. முற்பகுதி சொற்பட்டியலும் வினை வடிவங்களும் கொண்டது. பிற்பகுதி முழுவதும் உரையாடல். துணி வாங்க வரும் ஜெர்மானியன் ஒருபுறம். கடைக்காரரின் மகன் மறுபுறம். துணியைக் காட்டச் சொல்கிறான், விலை கேட்கிறான், அதிகம் என்கிறான், போவது போல் பாவனை செய்கிறான். பேரத்திற்கு நடுவே, உனக்கு ஜெர்மன் கற்பித்தவர் யார் என்று வந்தவன் கேட்க, பையன் தன் ஆசிரியரின் பெயரையும் பள்ளி இருக்கும் இடத்தையும் சொல்கிறான். பாடநூலுக்குள்ளேயே தம் பள்ளிக்கு விளம்பரம் செய்துகொண்ட அந்த ஆசிரியரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

இந்நூலில் மதிப்பிற்குரிய செய்தி ஒன்று உண்டு. தவறு செய்துவிடுவேனோ என்னும் அச்சம் அந்தப் பையனிடம் இல்லை. அவன் கையில் துணி இருக்கிறது. எதிரே நிற்பவனுக்கு அத்துணி வேண்டும். ஆகவே அவனது ஜெர்மனைப் பொறுமையோடு கேட்டே தீர வேண்டும். இத்தகைய உரையாடல் நூல்கள் தொடர்ந்து படியெடுக்கப்பட்டன. 1477இல் வெனிஸ் நகரிலேயே இத்தாலி–ஜெர்மன் சொற்தொகுதி ஒன்று அச்சேறியது.

ஹாம்பர்க்கில் ஒரு பிரெஞ்சு ஆசிரியர்

கையில் துணி இல்லாதவரின் நிலை என்ன? அதற்குப் பிரான்சுவா குவென் என்னும் பிரெஞ்சுக்காரரின் அனுபவம் சான்றாகும். 1831இல் பிறந்த இவர் இலத்தீன் ஆசிரியர். ஜெர்மன் பல்கலைக்கழக விரிவுரைகளைக் கேட்கும் ஆவலோடு ஹாம்பர்க் சென்றார். தாம் இலத்தீன் கற்ற வழியே சிறந்த வழி என்பது அவரது உறுதியான நம்பிக்கை. எனவே அறைக்குள் அமர்ந்து பத்தே நாளில் ஜெர்மன் இலக்கணத்தையும் ஒழுங்கற்ற வினைகள் 248ஐயும் மனப்பாடம் செய்தார். விரிவுரை கேட்கச் சென்றார். ஒரு சொல்கூடப் புரியவில்லை. வேர்ச்சொற்கள் 800ஐ மனப்பாடம் செய்தார். மீண்டும் சென்றார். பயனில்லை. கதேயையும் ஷில்லரையும் அகராதித் துணையோடு மொழிபெயர்த்தார். இறுதியில் 30,000 சொற்கள் கொண்ட அகராதி முழுவதையும் முப்பது நாளில் நெட்டுருப் போட்டார். கண் நோய் வந்ததே மிச்சம்; பேசுவோரின் ஜெர்மன் புரியவில்லை.

இடையில் ஒருமுறை மட்டும் அவர் உரையாடலை நாடினார். சென்ற இடம் ஒரு முடிதிருத்தகம்! அங்கே அமர்ந்து வாடிக்கையாளர் பேச்சைக் கேட்டார். முன்கூட்டியே கவனமாகக் கட்டி வைத்திருந்த தொடர்களை இடையிடையே சொல்லிப் பார்த்தார். கேட்டவர்கள் சிரித்தனர். அவமானம் தாளாமல் அறைக்குத் திரும்பி மீண்டும் நூல்களில் புகுந்துகொண்டார். காசல் சுவடியில் முடிதிருத்துபவரிடம் பேசக் கற்றவனுக்கு ஒரு வேலை ஆக வேண்டியிருந்தது. குவெனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பேச்சே அவரது வேலை. அச்சிரிப்பு அதனால்தான் எழுந்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

தோல்வியோடு ஊர் திரும்பியவர், தாம் ஜெர்மனோடு போராடிய அதே காலத்தில் தம் மூன்று வயது மருமகன் பிரெஞ்சு பேசக் கற்றுவிட்டிருப்பதைக் கண்டு திகைத்தார். அச்சிறுவன் ஒரு நாள் மாவாலைக்குச் சென்று வந்தான். வந்ததும் சிறு பைகளும் நீரோட்டமும் சக்கரமும் அமைத்து, ஆலையில் நடந்த ஒவ்வொன்றையும் வரிசைப்படி சொல்லிச் சொல்லி விளையாடினான். செயல்களை வரிசையாகச் சொல்லி மொழி கற்பிக்கும் முறை ஒன்றைக் குவென் இதிலிருந்து உருவாக்கி, 1880இல் நூலாக வெளியிட்டார். அந்நூல் உலகறிந்தது. ஆயினும் ஒரு குறை அதில் உண்டு. சிறுவன் தவறாகச் சொன்னபோது அவன் தாய் சிரித்திருப்பாள். அச்சிரிப்பில் அவன் ஓடி ஒளிந்திருக்க மாட்டான். இரண்டு சிரிப்புகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் குவென் ஆராயவில்லை.

அடுத்து வந்த சீர்திருத்தங்களை விரிக்க வேண்டியதில்லை. மொழிக் கல்வியின் திசையே மாற வேண்டும் என்று வில்ஹெல்ம் ஃபீட்டர் 1882இல் புனைபெயரில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஜெர்மன் பள்ளிகளில் பேச்சொலிக்கு இடம் கிடைக்க அது வழிவகுத்தது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்கா சென்ற மாக்சிமிலியன் பெர்லிட்ஸ் 1878இல் பிராவிடன்ஸ் நகரில் தொடங்கிய பள்ளி, கற்கும் மொழியிலேயே கற்பிக்கும் முறையை உலகெங்கும் பரப்பியது. உரையாடல் அவ்வாறு வகுப்பறைக்குள் வந்து சேர்ந்தது. கட்டணம் செலுத்துவோர்க்கு எதிரே அமர்ந்து பேச ஒருவர் கிடைத்தார்.

விருந்தினரும் தொழிலாளரும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. 1955இல் இத்தாலியோடும், 1960இல் ஸ்பெயின், கிரேக்க நாடுகளோடும், 1961இல் துருக்கியோடும், பின்னர் போர்ச்சுகல், யூகோஸ்லாவியா முதலியவற்றோடும் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. 1964 செப்டம்பரில் பத்து இலட்சமாவது தொழிலாளியாக வந்திறங்கிய போர்ச்சுகீசியருக்குக் கொலோன் நகர இரயில் நிலையத்தில் ஒரு மொபெட் வண்டி பரிசளிக்கப்பட்டது. ஆள் சேர்ப்பு 1973 நவம்பரில் நிறுத்தப்படும் வரை இலட்சக்கணக்கானோர் வந்தனர். ‘விருந்தினர்–தொழிலாளர்’ என்பதே ஜெர்மனில் அவர்களுக்கு வழங்கிய பெயர். விருந்தினரை வேலை வாங்கும் வழக்கம் எந்தப் பண்பாட்டில் உண்டு என்று கேட்கத் தோன்றும். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவர் என்பதே எல்லோரது எண்ணமும். ஆதலால் மொழி கற்பிப்பதில் அரசோ ஆலையோ பெரிதும் அக்கறை கொள்ளவில்லை. ஆலையிலும் கடையிலும் தெருவிலும் அவர்களே பேசிக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அவர்கள் காதில் விழுந்த ஜெர்மன் எத்தகையது என்பதுதான் இங்கே கருதத்தக்கது. அயலாருக்குப் புரிய வேண்டும் என்று எண்ணிய மேற்பார்வையாளரும் கடைக்காரரும் தம் மொழியைத் தாமே சிதைத்துப் பேசினர். வினைகளுக்கு விகுதி இல்லை; பெயர்களுக்கு முன்னொட்டு இல்லை. ‘நீ வருதல், நீ வேலை செய்தல்’ என்பது போன்ற தொடர்கள். ஜெர்மனில் நம் மொழியைப் போலவே ‘நீ’ என்றும் ‘நீங்கள்’ என்றும் இருவகை முன்னிலை உண்டு. அறிமுகமற்ற வயது வந்தவரை ‘நீ’ என்பது அங்கும் அவமதிப்பே. குடும்பத் தலைவர்களான அத்தொழிலாளர் பலர் ஆண்டுக்கணக்கில் ‘நீ’ என்ற விளியையே கேட்டனர். கேட்டதையே கற்றனர். தமக்குச் சொல்லப்பட்ட ‘நீ’யை அலுவலகத்தில் அதிகாரியிடம் திருப்பிச் சொன்னபோது, பண்பறியாதவர் எனப் பெயரும் பெற்றனர்.

1970களில் ஹைடெல்பெர்க் நகரில் மொழியியலார் குழு ஒன்று இதனை ஆராய்ந்தது. வொல்ஃப்காங் க்ளைன், நோர்பெர்ட் டிட்மார் ஆகியோர் அக்குழுவில் குறிப்பிடத்தக்கவர். இத்தாலியர் 24 பேர், ஸ்பானியர் 24 பேர் என 48 தொழிலாளரின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, தொடரமைப்பை நுணுகிப் பகுத்தனர். ஒருவர் எத்தனை ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார் என்பது நாம் எதிர்பார்க்கும் அளவிற்குப் பயன் தரவில்லை என்பதே அவர்கள் கண்டது. வேலை முடிந்த ஓய்வு நேரத்தில் ஜெர்மானியரோடு பழகும் வாய்ப்பு அவருக்கு இருந்ததா என்பதே முதன்மைக் காரணியாக அமைந்தது. வந்தபோது இருந்த வயதும், வேலையிடத்தில் கிடைத்த பேச்சுத் தொடர்பும் அதனை அடுத்து வந்தன. தொழிலாளர் விடுதியில் தம்மவரோடு பல்லாண்டு வாழ்ந்தவரைவிட, அண்டை வீட்டாரோடு பேச வாய்த்தவர் குறைந்த காலத்திலேயே முன்னேறியிருந்தார். மொழித்திறன் என்று நாம் தனியாள்மேல் ஏற்றிச் சொல்வதில் அண்டை வீட்டுக் கதவிற்கும் பங்கு உண்டு என்பதை இவ்வாய்வு அளந்து காட்டியது.

கவிஞர்கள் நிறைந்த இவ்வட்டத்தில் எமினே செவ்கி எஸ்தமார் பற்றிச் சொல்லாமல் மேலே செல்லலாகாது. 1946இல் துருக்கியில் பிறந்த இவர், 1965இல் மேற்கு பெர்லின் வந்து ஒரு மின்கருவித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அப்போது அவருக்கு ஜெர்மன் தெரியாது. அக்காலத்தை அடியொற்றி அவர் எழுதிய ‘பொன்முனைப் பாலம்’ என்னும் பொருள்தரும் தலைப்புடைய நாவல் 1998இல் வெளிவந்தது. அதில் வரும் இளம்பெண், பொருள் தெரியாமலேயே செய்தித்தாள் தலைப்புகளை மனப்பாடம் செய்கிறாள். யார் எதைக் கேட்டாலும் அத்தலைப்புகளில் ஒன்றை விடையாகச் சொல்கிறாள். கடையில் முட்டை வாங்க வேண்டுமெனில் தோழியர் கோழியாகவே மாறிக் கொக்கரித்துக் காட்டுகின்றனர். சிரித்துக்கொண்டே படிக்கலாம், ஆயினும் இங்கே சிரிப்பு அவர்கள் கையில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். குவெனைத் துரத்திய அதே சிரிப்பை இப்பெண்கள் தமதாக்கிக்கொண்டனர். 1991இல் பாக்மன் பரிசும் 2022இல் ஜெர்மன் இலக்கியத்தின் மிக உயர்ந்த சிறப்பான கேயோர்க் பியூக்னர் பரிசும் எஸ்தமார் பெற்றார்.

பிற மொழியிலிருந்து வந்து ஜெர்மனில் எழுதுவோர்க்கென 1985 முதல் 2017 வரை சமீசோ பெயரில் ஒரு பரிசு வழங்கப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சியால் நாடிழந்த குடும்பத்தில் வந்து, ஜெர்மன் இலக்கியத்தில் நிலைத்த இடம் பெற்ற கவிஞர் சமீசோ.

நம்மவர்

1983 ஆடிக் கலவரத்திற்குப் பின் ஈழத்தமிழர் பலர் கிழக்கு பெர்லின் விமான நிலையம் வழியாக மேற்கு பெர்லினை அடைந்தனர் என்பது நாம் அறிந்ததே. வேலைக்கு அழைத்து வரப்பட்ட துருக்கியர்க்கு ஆலை என்ற ஒன்றாவது இருந்தது. புகலிடம் கோரி வந்த இவர்களுக்கோ 1980களில் வேலை செய்யும் உரிமை நெடுங்காலம் மறுக்கப்பட்டது. குறித்த மாவட்டத்தின் எல்லையைத் தாண்டவும் அனுமதி பெற வேண்டும். வேலை இல்லை, பயணம் இல்லை. மொழி வகுப்பிற்கும் பொதுவாக உரிமை இல்லை. யாரோடு பேசுவது? பள்ளி சென்ற பிள்ளைகளே மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் பெற்றோரின் நாவாயினர். தாயின் நோயைத் தாய்க்கு முன்பே அறிய நேர்ந்த சிறுமியர் எத்தனை பேர்! புலம்பெயர் படைப்புகளில் இக்காட்சி வரும்போதெல்லாம் அதனை வெறும் சோகக் காட்சியாகப் படித்துவிடுகிறோம். உரையாடும் வாய்ப்பைச் சட்டம் பங்கிட்ட முறையும் அதன் பின்னே இருக்கிறது. குடியேறியவர்க்கு 600 மணி நேர மொழி வகுப்பை நாடு முழுவதற்கும் ஒரே திட்டமாகச் சட்டம் அமைத்துத் தந்தது 2005ஆம் ஆண்டு முதற்கொண்டுதான். இத்தாலியோடு செய்த முதல் ஒப்பந்தத்திற்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து.

என் அனுபவம் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். கார்ல் கிரவுல் 1856இல் வெளியிட்ட திருக்குறள் ஜெர்மன் மொழிபெயர்ப்பைப் படிக்கும் ஆசையால், முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் நான் ஜெர்மன் கற்றேன். நூல்வழிக் கல்விதான். நம் வட்டத்தில் ரில்கேயையும் பிரெக்டையும் ஆங்கிலம் வழியே படித்து விவாதித்த நாள்களில், எனக்கு மட்டும் மூலம் தெரியும் என்னும் சிறு செருக்கும் இருந்தது. 2014இல் நூலகப் பணிக்காக மூன்று மாதம் ஹைடெல்பெர்க்கில் தங்கியபோது அச்செருக்கு முதல் நாளே அடுமனை வாசலில் உதிர்ந்தது. ரொட்டி கேட்டு நான் கட்டிய தொடர் இலக்கணப் பிழை சிறிதும் அற்றது. விற்ற பெண் ஆங்கிலத்தில் விடை சொன்னாள். அன்பினால்தான் சொன்னாள். மறுநாளும் அவ்வாறே. கதவு மிகுந்த பணிவோடு சாத்தப்பட்டது.

என்னோடு ஜெர்மன் பேசியவர் மாடிப்படியில் சந்தித்த மூதாட்டி ஒருவர் மட்டுமே. அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பது என் நற்பேறு. காய்கறிப் பை, மழை, முழங்கால் வலி இவைதாம் பொருள். இலக்கண நூல்கள் இரண்டே வரியில் முடித்துவிடும் ‘டோக்’ என்னும் சொல்லை அவரிடமே கற்றேன். ‘நீங்கள் இன்று சாப்பிடவில்லையா?’ என்பது போன்ற எதிர்மறை வினாவிற்கு, ‘சாப்பிட்டேனே!’ என்று நாம் ஏகாரத்தால் மறுக்கிறோம் அல்லவா? அந்த ஏகாரத்தின் வேலையைச் செய்வது ‘டோக்’. தனித்து விடையாகவும் வரும். தொடரின் நடுவே கெஞ்சலாகவும் கடிந்துரையாகவும் நிற்கும். இடைச்சொற்கள் தாமாக இயங்கா என்று தொல்காப்பியம் படிப்பித்து வந்தவள் நான். அவை மனிதர் இருவருக்கிடையே இயங்குவதை அம்மாடிப்படியில் கண்டேன்.

இருவரும் ‘நீங்கள்’ என்றே பேசி வந்தோம். புறப்படுவதற்கு முதல்நாள் மாலை அவர் என் கையைப் பற்றிக்கொண்டு, இனி நாம் ‘நீ’ என்று பேசிக்கொள்ளலாம் என்றார். அங்கே அவ்வாறு அழைப்பு விடுக்கும் உரிமை வயதில் மூத்தவர்க்கே உரியது; அது நட்பிற்குத் தரப்படும் சிறப்பு. தம் முதற்பெயரையும் சொன்னார். எனக்கு அதன் அருமை தெரியும். ஆயினும் எண்பது வயதுப் பாட்டியைப் பெயர் சொல்லி ‘நீ’ என்று விளிக்க என் தமிழ் நா எழவில்லை. விளியே வராத தொடர்களாகத் தேடித் தேடிப் பேசி, ஒருவாறு விடைபெற்று வந்தேன்.